ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்ற தமயந்தி மேடம்

காலையில் எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ரோஜாப்பூ வணக்கம் சொன்னது. அதற்குக் கீழேயே தமயந்தி மேடம் காலமான செய்தி. விடியற்காலையில் மாரடைப்பு. நான் படித்து முடிப்பதற்குள் ஒருவர் கட்டைவிரலை உயர்த்திவிட்டார். இன்னொருவர் ‘வாழ்த்துகள் மேடம்’ என்று போட்டுவிட்டு அவசரமாக அழித்தார். எனக்கு வந்த கோபத்தில் அழுகை வரவே கொஞ்ச நேரம் பிடித்தது. மேடம் இருந்திருந்தால் முதல் வேலையாக அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்திருப்பார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் ஊடகவியல் துறையில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. சுற்றுச்சூழல் பற்றிய ஒரே சங்கதி நாளிதழில், வானொலியில், தொலைக்காட்சியில், கைப்பேசியில் என்னென்ன வேடம் போடுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஆற்றில் நுரை பொங்கினால் நாளிதழ் ‘மக்கள் அவதி’ என்று முடித்துக்கொள்ளும். தொலைக்காட்சி அதே நுரைக்குச் சிவப்பு வட்டம் போட்டு, பேய்ப்படத்து இசையைச் சேர்க்கும். நான் வேலையில் சேர்ந்த புதிதில், எத்தனை பேர் படித்தார்கள் என்று கணக்கெடுக்கக் கேள்விகள் தயாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“படிச்சாங்களான்னு கேட்டா எல்லாரும் படிச்சேன்னுதான் சொல்லுவாங்க சார். படிச்சுட்டு அவுங்க கை என்னா பண்ணுச்சுன்னு பாருங்க.”

அந்தக் கையைப் பார்க்கத்தான் என்னைக் கடலூருக்கு இழுத்துக்கொண்டு போனார். துறைமுகத்துப் பக்கம் கடலில் பிளாஸ்டிக் போடாதீர் என்று யாரோ பெரிய பெரிய ஃப்ளெக்ஸ் பேனர்களாகக் கட்டியிருந்தார்கள். ஃப்ளெக்ஸே பிளாஸ்டிக்தானே என்று நான் வழியெல்லாம் புலம்பினேன். மேடம் காதிலேயே வாங்கவில்லை. போய்ப் பார்த்தால் பேனர்கள் கம்பத்தில் இல்லை, மணலில் விரித்துக் கிடந்தன. மேலே வரிசையாகக் கருவாடு. அதில் ஒன்றில் சிரித்துக்கொண்டிருந்த பிரமுகரின் கன்னத்தில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது.

கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மா எங்களைப் பேனர் கட்டியவர்கள் என்று நினைத்துவிட்டார். “நல்ல ஷீட்டும்மா, மண்ணு ஒட்டல. அடுத்த தபா இன்னும் கொஞ்சம் பெருசா வெக்கச் சொல்லுங்க” என்றார். மேடம் பயபக்தியோடு தலையாட்டினார். திரும்பி வரும்போது பேருந்தில் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புவனகிரி தாண்டியதும்தான் அடங்கினார். பிறகு சட்டென்று சொன்னார்: “சார், நான் செத்தா எனக்கு ஃப்ளெக்ஸ் வெக்க வுடாதீங்க. அப்புறம் என் மூஞ்சி மேலயும் கருவாடு காயும். சத்தியம் பண்ணுங்க.” விளையாட்டு என்று நினைத்துச் சத்தியம் செய்தேன். அதன்பிறகு ஆளைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுபடுத்துவார்.

அடுத்தது எங்கள் பெருந்தோல்வி. நிலத்தடி நீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்ற செய்தியை ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வாசகம் நான் எழுதியது, கொஞ்சம் அலங்காரமாகவே எழுதியிருந்தேன். பேசுவதற்கு ஆட்டோ ஓட்டும் ஷாஜகான் பாய் வந்தார். மேடம் குடியிருந்த தெருவிலேயே தொடங்கினோம். “பொதுமக்கள் கவனத்திற்கு” என்று பாய் ஆரம்பித்ததுதான் தாமதம், வீட்டுக்கு வீடு மோட்டார் ஓடியது. குடம், அண்டா, குழந்தை குளிக்கும் தொட்டி, எல்லாம் வாசலுக்கு வந்தன. அந்த ஊரில் மைக் ஆட்டோ வந்தால் மறுநாள் குழாயில் தண்ணீர் வராது என்றுதான் பொருள்.

“எத்தினி நாளைக்கு வராதும்மா?” என்று ஓர் அம்மா கேட்டார்.

“தண்ணி நிக்காதுங்க. தண்ணிய ஜாஸ்தி செலவு பண்ணாதீங்கன்னுதான் சொல்றோம்” என்றேன் நான்.

“அப்டியா? எதுக்கும் புடிச்சு வெச்சிக்கிறோம்.”

தண்ணீரைச் சேமிக்கச் சொல்லிப் போய், ஒரு தெருவையே உறிஞ்ச வைத்துவிட்டு வந்தோம். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். மேடத்துக்கோ தாங்க முடியாத சந்தோஷம். “செய்தி போயிடுச்சு சார். நம்ம செய்திதான் போகல” என்றார். அதை மறைக்காமல் ஆய்வுக்கட்டுரையிலும் எழுதினார். தன் தோல்வியை அவ்வளவு ஆசையாக எழுதிய இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

மேடம் இறந்த அன்று நான் அவர் வீட்டுக்குப் போனபோது அவருடைய தம்பி குமரவேல் கைப்பேசியும் கையுமாக நின்றிருந்தார். கீரப்பாளையத்தில் விவசாயம் பார்ப்பவர். மேடத்துக்கு அவரை விட்டால் வேறு யாருமில்லை. ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து வந்த மாதிரியை என்னிடம் காட்டினார். மேடத்துக்குப் பின்னால் ஓர் அருவி, தோளுக்கு இரண்டு பக்கமும் புறா. நான் சத்தியத்தைச் சொன்னேன்.

“ஃப்ளெக்ஸ் இல்லாத சாவு வூடா சார்? நாலு பேருக்கு எப்புடித் தெரியும்? அக்காவ அனாதையா தூக்கிட்டுப் போனேன்னு பேராயிடும்.” சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கல்லூரிக்காரர்கள் கட்டைவிரலோடு நின்றுவிட்டால் நாங்கள் என்ன செய்வது? மைக் ஆட்டோவில் சொல்லுவோம் என்றேன். அரைமனதாக ஒப்புக்கொண்டார். “ஆளு வரலைன்னா நீங்கதான் பதில் சொல்லணும் சார்.”

பாய் உடனே வந்தார். எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். “மேடத்துக்கு நானே பேசிக்கிறேன், வுடுங்க” என்றார். ஆட்டோ தெருமுனையில் திரும்பியது. பழக்க தோஷம், பாய் வாயில் முதலில் வந்தது “பொதுமக்கள் கவனத்திற்கு.”

அவர் மேடத்தின் பெயருக்கு வருவதற்குள் தெரு முழுக்க மோட்டார் ஓடியது. குடங்கள் வாசலுக்கு வந்தன. எங்கள் வாசலுக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. குமரவேல் என்னைப் பார்த்தார். நான் உள்ளே மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். சத்தியத்தைக் காப்பாற்றப் போய் அவரைத் தனியாக அனுப்பப் போகிறோமே என்று தோன்றியது.

மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு வந்தார்கள். புடவைக் கொசுவம் நனைந்த பெண்கள், கைலியில் கை துடைத்துக்கொண்டே ஆண்கள், அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு. “காதுல வுழுந்துச்சு சார். கை அது பாட்டுக்கு மோட்டாரப் போட்டுடுச்சு” என்று ஓர் அம்மா சொல்லிவிட்டு மேடத்தின் காலடியில் உட்கார்ந்து அழுதார். கல்லூரிக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். கட்டைவிரல்காரர் மாலையோடு வந்தார், என் கண்ணைப் பார்க்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது அத்தனை பேர் தலைமுழுக மேடம் வீட்டுத் தண்ணீர் போதவில்லை. வாசலுக்கு வாசல் நிறைந்த குடங்கள் இருந்தன. யாரும் யாரையும் கேட்கவில்லை, எடுத்து எடுத்து ஊற்றினார்கள். குமரவேலின் தலையில் ஒரு குடத்தைப் பாய்தான் ஊற்றினார். சொட்டச் சொட்ட நின்ற குமரவேல், “இவ்ளோ பேரு இருந்திருக்காங்களா சார், அக்காவுக்கு” என்றார்.

மேடம், இந்த முறை நம் செய்தியும் போய்ச் சேர்ந்தது. ஃப்ளெக்ஸ் வைக்கவில்லை. உங்கள் முகத்தில் கருவாடு காயாது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.