தின்னு சாமி

எங்கள் சின்னம்மா சொல்லாமல் ராபின் ஒரு பருக்கையைக்கூடத் தொடமாட்டான். கறிச்சோற்றுத் தட்டு மூக்குக்கு நேரே இருக்கும். வாயோரம் எச்சில் நூலாக இறங்கித் தரையைத் தொடும். வால் மட்டும் தரையைக் கூட்டிக்கொண்டிருக்கும். "தின்னு சாமி" என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் தலை குனியும். நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து விருந்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் இதை ஒரு வித்தைபோல நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பாராட்டெல்லாம் எங்கள் தோட்டத்துத் துரைசாணிக்குப் போகும். சின்னம்மா சமையல்கட்டு வாசலில் நின்று தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, காப்பித் தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு எங்களோடு வந்து சேர்ந்தாள். ஒரே அறையில் அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாக ஒரு தம்பி, சின்னம்மா. அப்பாவும் அம்மாவும் பழம் பறிக்கப் போவார்கள். சின்னம்மாவுக்கு மட்டும் பங்களாவில் வேலை. ராபினைப் பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலை.

பெங்களூரிலிருந்து ஒரு கூடையில் வந்திறங்கிய குட்டி அவன். தேன் நிறம், தொங்கும் காது. நாய் வளர்ப்பதைப் பற்றித் துரைசாணியிடம் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. குட்டிக்கு அந்தப் புத்தகம் தெரியாதே, வந்த வாரத்திலேயே துரையின் பூட்ஸைக் குதறிவிட்டது. துரை பிரம்பெடுத்தார். அதற்குப் பிறகு பிரம்பைக் கண்டாலே நின்ற இடத்தில் மூத்திரம் போய்விடும். அதற்கும் அடி விழும். சின்னம்மாதான் பட்லரைப் பிடித்துக் கெஞ்சினாள். "ஏனுங்க, ஒரு மாசம் எங்கையில உடச் சொல்லுங்க. அடி மட்டும் வேண்டாமுங்க."

மடியில் வறுத்த ஈரலைக் கிள்ளி முடிந்துகொள்வாள். ஒரு சொல்லை ஒரு தடவைதான் சொல்வாள். சொன்னதைச் செய்த நொடியில் ஒரு துண்டு ஈரல். செய்யாவிட்டால் திட்டமாட்டாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவ்வளவுதான். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனால் அது பயப்படும் என்று தாடைக்கு அடியில் சொறிந்துவிடுவாள். துரைசாணி சொல்லிக்கொடுத்த 'சிட்' அவள் வாயில் 'சிட்டு' ஆயிற்று, 'வெயிட்' 'வெய்ட்டு' ஆயிற்று. சாப்பிடச் சொல்வதற்கான இங்கிலீஷ் மட்டும் கடைசிவரை நாக்கில் ஏறவில்லை. எங்களைக் கூப்பிடுகிற மாதிரியே அவனையும் சாமி என்றாள். மாசம் முடிவதற்குள் பிரம்பு பரணுக்குப் போய்விட்டது.

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் கிடையாது. சின்னம்மாவோடு பங்களாவின் பின்கட்டுக்குப் போய் ராபினுக்கு உண்ணி எடுப்பேன். மழைக்காலத்தில் விரலிடுக்கெல்லாம் உண்ணியாக இருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தேங்காய் ஓட்டுத் தண்ணீரில் போடுவேன். வலித்தாலும் காலை இழுத்துக்கொள்ளமாட்டான். ஈரம் தங்கினால் காது சீழ் பிடித்துவிடும் என்பதால், காதை மடித்துப் பழந்துணியால் துடைத்துவிடுவேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு முழு பாரத்தையும் என்மேல் சாய்ப்பான்.

அது சண்டைக் காலம். பர்மா அரிசி நின்றுபோயிற்று என்று பேசிக்கொண்டார்கள். எஸ்டேட்டில் வாராவாரம் போடும் தானியம் பாதியாயிற்று, அந்தப் பாதியிலும் புழு. எங்கள் கூழ் நாளுக்கு நாள் தண்ணீரானது. அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. தம்பிக்கு வயிறு மட்டும் உப்பி, கைகால் குச்சியாகிவிட்டது. அழுவதற்கும் தெம்பில்லாமல் முனகிக்கொண்டே கிடப்பான். பங்களாவில் மட்டும் தினம் நாலு மணிக்கு ராபினுக்குக் கறியும் வெள்ளைச் சோறும் சேர்ந்து வெந்தது. பட்லர் அளந்து கொடுப்பார். நாய்ச் சோற்றில் உப்புப் போடக் கூடாது என்பது புத்தகத்தில் இருந்த சட்டம்.

தட்டை வைத்து "வெய்ட்டு" சொல்லிவிட்டு, சின்னம்மா அவனுடைய கம்பளியை அலச ஓடைக்குப் போவாள். "இருவதை அஞ்சு வாட்டி எண்ணிப்போட்டுத் தின்னச் சொல்லு கண்ணு" என்பாள். எனக்கு இருபது வரைக்கும்தான் எண்ணத் தெரியும்.

ஒரு நாள் மூன்றாவது இருபதில் என் கை தட்டுக்குள் போய்விட்டது.

ராபின் என் கையைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். உறுமவில்லை. சொல் வரவில்லை, அதனால் அசையவில்லை. நான் தின்றேன். நாய் இன்னும் வாய் வைக்கவில்லையே, அப்புறம் இது எப்படி நாய்ச் சோறாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிச்சத்துக்குத்தான் "தின்னு சாமி" என்றேன். அவன் வழக்கம்போல வாலாட்டிக்கொண்டே தின்றான்.

மறுநாளும் தின்றேன், அதற்கு மறுநாளும். முதலில் ஒரு கவளம், பிறகு கால் தட்டு, பிறகு பாதி. வீட்டில் முனகிக்கொண்டு கிடந்த தம்பி அத்தனை நாளும் என் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் ஒரு பிடிச் சோற்றைப் பாவாடை முனையில் முடிந்து கொண்டுபோய் அவன் வாயில் ஊட்டினேன். அம்மா அவன் உதட்டில் ஒட்டியிருந்த பருக்கையை எடுத்துப் பார்த்தாள்.

"ஏது இது?"

"சின்னம்மா குடுத்தாங்க."

அம்மா அந்தப் பருக்கையைத் தம்பி வாயிலேயே திருப்பி வைத்தாள்.

அடுத்த நாள் ராபினின் சோற்றில் உப்பு இருந்தது. உப்போடு சேர்ந்த கறிச்சோறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். சின்னம்மா புத்தகத்துச் சட்டத்தை மறந்துபோய் உப்பைப் போட்டுவிட்டாள், பாவம், துரைசாணிக்குத் தெரிந்தால் திட்டு விழுமே என்று நினைத்தேன். அந்த மறதி அதற்குப்பிறகு ஒரு நாளும் தவறவில்லை. கம்பளியை அலச அவளுக்கு இன்னும் அதிக நேரம் பிடித்தது.

ராபினுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. முதுகு மயிர் மினுமினுப்பு இழந்தது. துரைசாணி பயந்துபோய்ப் புத்தகத்தைப் புரட்டினாள். சேலத்திலிருந்து வயிற்றுப்பூச்சி மருந்து வந்தது, விளக்கெண்ணெய் வந்தது. சின்னம்மா அவன் வாயைத் திறந்து பிடிக்க, பட்லர் ஊற்றினார். பேதியாகி இன்னும் இளைத்தான். மத்தியானத்தில் என் மடியில் தாடையை வைத்துக்கொண்டு படுப்பான். இன்றைக்குத் தொடக்கூடாது என்று அவன் காதுக்குள்ளேயே சத்தியம் செய்வேன். நாலு மணிக்குத் தட்டு வரும்.

அன்று மழை. மேகம் பின்கட்டுக்குள் வந்து நின்றது. வாயில் சோற்றோடு இருந்தபோது குடையைச் சுருக்கும் சத்தம் கேட்டது. அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். துரைசாணி ராபினுக்கு எதிரே வந்து நின்றாள். பாதி காலியான தட்டு, நடுவில் விரல் தோண்டிய குழி. எதிரே எச்சில் வடித்துக்கொண்டு, அசையாமல், உத்தரவுக்காக உட்கார்ந்திருக்கும் நாய். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

சின்னம்மா ஈரக் கம்பளியோடு ஓடி வந்தாள்.

"யார் தின்னது?" துரைசாணிக்கு அந்த அளவுக்குத் தமிழ் தெரியும்.

சின்னம்மா விறகுப் பக்கம் பார்க்கவே இல்லை. "நாந்தானுங்கம்மா."

"நீயா? தினம்?"

"ஆமாங்க. பசி தாங்கலீங்க."

துரைசாணி சத்தம் போடவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து தன் கைக்குட்டையால் ராபினின் வாயைத் துடைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனைக் கட்டிக்கொண்டு இங்கிலீஷில் ஏதேதோ சொன்னாள். மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் எஸ்டேட்டை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று பட்லர் சின்னம்மாவிடம் சொன்னார். அவ்வளவு நேரமும் என் வாயிலிருந்த சோற்றை நான் மெல்லவுமில்லை, துப்பவுமில்லை. எல்லோரும் போன பிறகு விழுங்கினேன்.

காலையில் சின்னம்மா ஒரே ஒரு துணி மூட்டையோடு கிளம்பினாள். அம்மா லைன் முனைவரை வந்து நின்றுகொண்டாள். நான் மட்டும் ரோட்டு வளைவுவரை கூடப் போனேன். அடிப்பாள், இல்லை ஒரு வார்த்தையாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். அவளோ நாயைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

"காதை ஈரத்தோட உட்டுறாத கண்ணு. சொல்றதை ஒருக்காத்தான் சொல்லோணும், ரெண்டாவது வாட்டி சொன்னீன்னா அப்புறம் மதிக்காது. பயந்த கொரல்ல சொல்லாத. உங்கொரலும் அதுக்கு நொம்பப் பழக்கந்தான்."

பிறகு அடிவாரத்தை நோக்கி நடந்தே இறங்கிப் போனாள். சேலத்தில் ஏதோ அரிசி ஆலையில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டோம். அடுத்த வருஷம் காலராவில் போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது, எடுத்து அடக்கம் செய்து பல நாளாகியிருந்தது. ஆனால் அன்று, மலையிறங்கிப் போகிற நேரத்திலும் என்னைவிட நாய்தான் அவளுக்குப் பெரிதாய்ப் போயிற்று என்று அந்த வளைவில் நின்று நான் கோபப்பட்டேன்.

ராபின் இரண்டு நாள் தின்னவில்லை. துரைசாணி இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தாள், சின்னம்மா சொன்னதையே தன் உச்சரிப்பில் சொல்லிப் பார்த்தாள், பட்லரையும் சொல்லச் சொன்னாள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அவன் காத்திருந்தான். மூன்றாம் நாள் பட்லர் லைனுக்கு வந்து அம்மாவிடம், "உம்மவள அனுப்பு" என்றார். அம்மா என் முகத்தைக் கழுவித் தலையைச் சீவிவிட்டாள். சீப்பு நடுவில் ஒரு தடவை நின்றது.

துரைசாணி பார்த்துக்கொண்டிருக்க, ராபின் எதிரில் போய் நின்றேன். பயம் தெரியாமல், ஒரே தடவை, "தின்னு சாமி" என்றேன். தலை குனிந்தது. தட்டு நகர்ந்து சுவரில் முட்டும்வரை நக்கித் தின்றான். துரைசாணி என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. தினமும் வரச் சொன்னாள். கூலிக்கு முன்பணம்போல ஒரு துணியில் அரிசி கட்டிக் கொடுத்தாள். அன்றுமுதல் நாலு மணிக்குத் தானே வந்து, அவன் தின்று முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த அரிசியை அம்மா அன்று மாலையே வடித்தாள். எங்கள் வீட்டில் வெள்ளைச் சோறு வெந்து எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. அப்பா தின்றார். தம்பிக்குக் குழைத்து ஊட்டினாள், அவன் வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டான். எனக்கும் நிறையப் போட்டாள். கடைசியில் தனக்கும் போட்டுக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கிண்ணத்தை என் பக்கமாகத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு அன்று பசியில்லை என்றுதான் நினைத்தேன். அவள் பங்கையும் சேர்த்துத் தின்றேன்.