ஓபோ வாசித்த முனிராஜ்

சேலம் பஸ் புறப்படக் கால் மணி நேரம் இருக்கும்போதே முனிராஜ் காபி கிளப்புக்குள் வந்துவிடுவார். பாதி இட்லியில் இருப்பவர், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறவர், பங்காளிச் சண்டையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டவர், யாரும் தப்ப முடியாது. "கௌம்புங்க, கௌம்புங்க. மிச்சத்த சேலத்துல போயிச் சாப்புடுங்க" என்பார். வெளியே பஸ்ஸின் கரி அடுப்பு அப்போதுதான் பற்றியிருக்கும். கிளீனர் பச்சியப்பன் வியர்க்க வியர்க்கத் துருத்திச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பான். வண்டி நகர எப்படியும் அரை மணியாகும். அதுவரை ஜனங்கள் வெயிலில் நின்று முனிராஜைத் திட்டுவார்கள். அவர் வாங்கிக்கொள்வார். அடுத்து வரும் திருவண்ணாமலை பஸ்ஸுக்கும் அதையே செய்வார்.

யுத்தம் வந்து பெட்ரோல் போய்க் கரி வந்த காலத்திலும் அரூரில் பஸ் ஏஜெண்டு அவர்தான். ஐம்பதை நெருங்குகிற வயது. காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூட விடாமல் போட்டிருப்பார். யாராவது பேசுவதை ஊன்றிக் கேட்டால் இரண்டு உதடுகளும் பல்லுக்கு மேல் உள்ளே மடிந்துகொள்ளும். பல் போன கிழவர் என்று புதிதாய்ப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். முப்பத்திரண்டும் கெட்டியாகத்தான் இருக்கிறது. அது ஓபோ வாசித்த வாய். ஓபோ என்றால் என்ன என்று கேட்டவர்களிடம், "நாதஸ்வரத்துக்குச் சீமைல ஒரு தம்பிங்க. சீவாளியெல்லாம் உண்டு. ஆனா கத்தாது, அழுவும்" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் கேட்டால் டிக்கெட் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்.

பிறந்தது மொரப்பூர் பக்கம். பிளேக்கில் தாய் தகப்பனை ஒரே வாரத்தில் பறிகொடுத்தவரை, மாமன் ஒருவர் பெங்களூர் தண்டில், வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த பகுதியில், ஒரு அநாதை விடுதியில் கொண்டுபோய் விட்டார். அங்கே பையன்களுக்கு பேண்டு கற்றுக்கொடுத்தார்கள். வளர்ந்த பின், லோபோ என்ற கோவாக்காரர் நடத்திய வாத்தியக் குழுவில் இவருக்கு முதல் ஓபோ நாற்காலி கிடைத்தது. துரைமார்களின் மண்டபங்களில் இருபத்தைந்து பேர் கறுப்புக் கோட்டுப் போட்டு உட்கார்ந்து வாசிக்கும் குழு அது. கல்யாணமாகி, மனைவி ராமக்காளும் மகள் தீர்த்தம்மாளும் ஊரிலேயே இருந்தார்கள். வருஷத்தில் மூன்று தடவை வருவார்.

லோபோ மாஸ்டருக்குத் தெய்வம் ஒருவர்தான்: ஹைடன். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஆஸ்திரியாவில் வாழ்ந்த இசைமேதை. முனிராஜ் அவரை 'ஐடனய்யா' என்பார். வண்டிச் சக்கரம் செய்கிறவரின் மகன்; தாயார் ஒரு பிரபுவின் அரண்மனையில் சமையல் செய்தவர்; ஆறு வயதில் வீட்டைப் பிரிந்து பாட்டுப் படிக்கப் போனவர்; குரல் உடைந்ததும் தெருவில் நின்றவர். அப்புறம் முப்பது வருஷம் ஒரு ராஜ குடும்பத்தில் உத்தியோகம். வேலைக்காரர்களைப் போலவே அவருக்கும் சீருடை. இதையெல்லாம் லோபோ சொல்லும்போது முனிராஜுக்குச் சொந்தக்காரர் கதையைக் கேட்பது போலிருக்கும்.

அந்த இசையைப் பற்றி அவர் வாய் திறந்து பேசியது பச்சியப்பனிடம் மட்டும்தான். ஒருநாள் தொப்பூர்க் கணவாயில் பஸ் நின்றுபோய், இருவரும் பாறை நிழலில் உட்கார்ந்திருந்தபோது. "ஒரு சின்னத் துண்டு எடுப்பாரு. நாலு சுரம் இருக்கும். பிடிலு அதச் சொல்லும், நாங்க திருப்பிச் சொல்லுவோம், அடியில பெரிய பிடிலு அதயே கவுத்துச் சொல்லும். அந்த நாலு சுரத்துலயே ஒரு வூடு கட்டிருவாரு. நடுவுல திடீர்னு நிறுத்திருவாரு. முடிஞ்சுதுன்னு கை தட்டுவாங்க. அவரு முடிச்சிருக்க மாட்டாரு." பச்சியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவர் விரல்கள் வேட்டி மடிப்பின் மேல் ஓடிக்கொண்டிருந்ததை அவன் பார்த்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில், லோபோ அந்தப் பிரசித்தமான சிம்பொனியை எடுத்தார். அது பிறந்த கதை இது. ஒரு வருஷம் ராஜா கிராமத்து அரண்மனையை விட்டுக் கிளம்பவே இல்லை. பெண்டு பிள்ளைகளைக் கூட்டி வர அனுமதி இல்லாத வாத்தியக்காரர்கள் ஏங்கிப்போனார்கள். ஹைடன் அவர்களுக்காக வாயால் கேட்கவில்லை. சிம்பொனியின் கடைசியில், ஒவ்வொருவராகத் தன் பங்கை வாசித்து, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு எழுந்து போகும்படி எழுதினார். முடிவில் இரண்டு பிடில்கள் மட்டும் இருட்டில் மெல்ல முனகி ஓயும். ராஜா புரிந்துகொண்டார். மறுநாள் எல்லோருக்கும் லீவு.

கச்சேரி அன்று காலையில் ஊரிலிருந்து தந்தி வந்தது. ராமக்காளுக்கு விஷக்காய்ச்சல், கடுமை, உடனே வரவும். மொரப்பூருக்கு ரயில் ராத்திரி எட்டேகாலுக்குத்தான். கச்சேரி ஆறு மணிக்கு. லோபோ தந்தியைப் படித்துவிட்டு, அவர் தோளில் கை வைத்துத் தன் அரைகுறைத் தமிழில் சொன்னார்: "முனி, முதல்ல எழுந்து போறது நீதான். உன் மெழுகுவர்த்தி அணைஞ்சா பின்வாசல் வழியா நேரா ஸ்டேஷன். திரும்பிப் பாக்காதே."

முனிராஜ் வாசித்தார். அணைத்தார். எழுந்தார். இரண்டாவது கொம்புக்காரரும் கூடவே எழுந்தார். பின்வாசலில் பெட்டி இருந்தது, ஜட்காவும் நின்றது. கதவில் கை வைத்தவருக்குப் பின்னால் ஒவ்வொரு வாத்தியமாகக் கழன்று கொண்டிருந்தது. ஒத்திகையில் லோபோ அந்த முடிவைத் துண்டு துண்டாக நிறுத்தித்தான் வாசிக்க வைத்திருந்தார். முழுசாக ஓடி முனிராஜ் கேட்டதில்லை. ஐந்து நிமிஷம்தானே என்று நின்றார். கடைசி இரண்டு பிடில்களும் ஓய்ந்தன. மண்டபத்தில் மூச்சு இல்லை. பிறகு கை தட்டல் கூரையைப் பிளந்தது. அந்தப் பாகத்தை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

மற்றவர்கள் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முனிராஜும் போய் உட்கார்ந்தார். லோபோ அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஆனால் தாளம் காட்டும் கோல் ஏற்கெனவே மேலே போயிருந்தது.

எட்டேகால் ரயில் போய்விட்டது. மறுநாள் மத்தியானம்தான் ஊர் சேர முடிந்தது. ராமக்காள் காலை பத்து மணிக்குப் போய்விட்டாள். இரண்டு தடவை இவர் வந்தாச்சா என்று கேட்டாளாம். ஏன் தாமதம் என்று சுற்றி நின்றவர்கள் கேட்டபோது, "லீவு குடுக்கலீங்க" என்று இவர் வாயில் வந்தது. வந்த சொல் நின்றுவிட்டது. ஊரே லோபோவைச் சபித்தது. எட்டு வயதுத் தீர்த்தம்மாளும் அதைக் கேட்டுக்கொண்டு வளர்ந்தாள். முனிராஜ் ஓபோவைக் குழுவிடம் திருப்பி அனுப்பினார். மாஸ்டருக்கு ஒரு வரி எழுதவில்லை.

லோபோ ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கார்டு போட்டார். ஒரு வருஷம் தீர்த்தம்மாள் அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். இவர் தடுக்கவில்லை.

போன தை மாதம் கார்டுக்குப் பதிலாக மாஸ்டரின் மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. லோபோ காலமாகிவிட்டார். கடைசி வரை ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம்: அன்றைக்கு முனியை நாற்காலியில் பார்த்தவுடன் நான் கோலை இறக்கியிருக்க வேண்டும், அவன் என்னை மன்னிக்கவில்லை, அதனால்தான் பதில் எழுதுவதில்லை.

நல்லம்பள்ளியில் வாழ்க்கைப்பட்டிருந்த தீர்த்தம்மாள் அன்று வந்திருந்தாள். உச்சி வெயிலில் பஸ் வேலையைப் போட்டுவிட்டு வந்து, கடிதத்தை மடியில் வைத்துத் தகப்பன் விசும்புவதைப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"அந்தப் பாவிக்கா அழுவற? அவன் உட்டிருந்தா எங்கம்மா மூஞ்சிய நீ உசுரோட பாத்திருப்ப."

"உட்டாரு கண்ணு" என்றார் முனிராஜ். "அவரு உட்டாரு. நாந்தான் போவல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பின்வாசல், ஜட்கா, இரண்டு பிடில்கள், திரும்பிப் போய் உட்கார்ந்தது. அந்தப் பத்து வருஷப் பொய்யையும் சொன்னார். மாஸ்டருக்கு இனி எழுதவும் முடியாது என்றார்.

தீர்த்தம்மாள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முறத்தில் பாதி புடைத்த ராகி அப்படியே கிடந்தது. திட்டப் போகிறாள் என்று அவர் காத்திருந்தார். திட்டிவிட்டால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. அவள் கேட்டாள்.

"அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுக்கவும் செய்தார். ஆனால் முனிராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி, மெதுவாக ஒரு முறை தலையை ஆட்டினார், ஆமாம் என்று.