மாமனார் கொடுத்த காருக்குப் பவர் ஸ்டீயரிங்

1993இல் எனக்குக் கல்யாணம் ஆனபோது மாமனார் தன்னுடைய வெள்ளைக் காரைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் கலெக்டர்களும் எம்.எல்.ஏ.க்களும் போவார்களே, அதே குண்டுக் கார். நான் கேட்கவில்லை. "எம் பொண்ணு பஸ்ல நின்னுக்கினு போவக்கூடாது" என்று சொல்லிச் சாவியை என் கையில் வைத்துவிட்டார்.

அவர் வீடு விழுப்புரத்தில். எனக்குத் திண்டிவனத்தில் பம்புசெட்டுக் கடை. மாதத்துக்கு இரண்டு ஞாயிறாவது விழுப்புரம் போவோம். வாசலில் கார் நின்றதும் மாமனார் மகளைப் பார்க்க மாட்டார், டயரைப் பார்ப்பார். அப்புறம் பானெட்டைத் தூக்கி உள்ளே ஒரு சுற்றுப் பார்வை. அதெல்லாம் முடிந்த பிறகுதான் "வாங்க மாப்ள" என்பார். "எங்கூடக் காரக் குடுத்தாரா, காருகூட என்னக் குடுத்தாரான்னு தெரியல" என்று என் மனைவி வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி இருபது வருடம் ஆகப்போகும் சமயத்தில் என் வலது தோள் இறுகிக்கொண்டது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. சட்டையை மனைவிதான் மாட்டிவிட்டாள். தலை சீவுவதற்குக் கையை உயர்த்துவதற்குப் பதிலாகத் தலையைச் சீப்பிடம் கொண்டுபோனேன். சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி மேலே நகர்த்திப் பழகச் சொன்ன டாக்டர், நான் என்ன கார் ஓட்டுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அந்தக் காரை ஓடும்போது திருப்புவது பெரிய விஷயமில்லை. நின்ற இடத்தில் திருப்புவதுதான் ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிற வேலை. எங்கள் தெருவில் காரைத் திருப்பி நிறுத்துவதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

"வித்துட்டு வேற வாங்கலாமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"எங்கப்பாகிட்ட யாரு சொல்றது?"

"நீதான்."

"நா மாட்டம்பா."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்கு வழி சொன்னவர் என் மெக்கானிக். ஊருக்கு வெளியே சென்னை சாலையில் ஷெட் வைத்திருந்தார். எதைக் கேட்டாலும் முடியும் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் யோசிக்கிற ஆள்.

"வண்டிய இன்னாத்துக்கு சார் மாத்தணும்? ஸ்டீயரிங்க மாத்திடலாம். போன்ல ஒரு வெள்ளக்காரன் பண்ணிக்கினு இருக்கான், பாத்தேன்."

"நீங்க பண்ணியிருக்கீங்களா?"

"அவன் பண்றான் சார், நான் பண்ண மாட்டனா?"

ஷெட்டுக்குப் பின்னால் லாரியில் மோதி முகம் நசுங்கிய ஒரு சின்னக் கார் கிடந்தது. அதன் ஸ்டீயரிங் தண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்டின் பக்கவாட்டில் சொம்பு அளவுக்கு ஒரு மோட்டார் ஒட்டிக்கொண்டிருந்தது. நாம் எந்தப் பக்கம் திருப்புகிறோம், எவ்வளவு அழுத்துகிறோம் என்று தண்டுக்குள் இருக்கிற சென்சார் கண்டுபிடிக்கும். மோட்டார் அதே பக்கம் தள்ளிக்கொடுக்கும். எண்ணெய் வேண்டாம், பெல்ட் வேண்டாம், பேட்டரி போதும். மோட்டார் என் தொழில் என்பதால் எனக்கு இது உடனே பிடித்துப்போயிற்று.

ஒரு வாரம் என்றவர் மாதத்தைக் கடத்தினார். மேல்பாதி சின்னக் காருடைய தண்டு, கீழ்பாதி எங்கள் காருடையது, நடுவே லேத்தில் கடைந்த ஒரு இணைப்பு. உச்சியில் மட்டும் பழைய ஸ்டீயரிங் வளையத்தையே மாட்டச் சொன்னேன். மாமனார் கண்ணுக்கு எதுவும் மாறியிருக்கக் கூடாது.

வெள்ளோட்டத்தன்று மெக்கானிக் உள்ளே உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். அவர் இன்னும் கை வைக்கவில்லை. வளையம் தானாகவே இடது பக்கம் மெதுவாகச் சுற்றியது, கடைசிவரை போய் நின்றது. அவர் அதைப் பிடித்து வலது பக்கம் இழுத்தார். அது திருப்பி இழுத்தது. கதவைத் திறந்து ஒரே தாவலில் வெளியே வந்துவிட்டார்.

எதிரே இருந்த டீக்கடைக்காரர் கிளாஸோடு ஓடி வந்தார். "ஆக்சிடெண்ட்டு வண்டிலேருந்து தான எடுத்தீங்க? அப்ப உள்ள யாரோ குந்திக்கினு இருக்காங்க."

"அந்த வண்டில யாருக்கும் ஒண்ணும் ஆவலய்யா. ஓட்டுனவன் நேத்துகூட உன் கடையிலதான் டீ குடிச்சான்" என்றார் மெக்கானிக்.

டீக்கடைக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத்தான் கடைக்குத் திரும்பினார். மெக்கானிக் தண்டைக் கழற்றிப் பார்த்தார். மாட்டும்போது சுத்தியல் பட்டுச் சென்சார் கொஞ்சம் நகர்ந்திருந்தது. யாரோ ஓயாமல் இடது பக்கம் திருப்புவதாக அது நம்பிக்கொண்டிருந்தது. நடுவில் பொருத்தியதும் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் அந்தக் கனத்த வண்டியை நான் நின்ற இடத்தில், இடது கையின் இரண்டு விரலால் திருப்பினேன். சந்தோஷத்தில் ஷெட்டுக்கு முன்னால் எதற்கென்றே தெரியாமல் வட்டமடித்தேன்.

பைபாஸுக்கு வந்ததும் வேறு ஒரு சிக்கல் தெரிந்தது. சின்னக் காரில் வண்டியின் வேகம் அந்தக் கருவிக்குத் தெரியும். வேகம் கூடக்கூடத் தள்ளுவதைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் காரின் வேகம் எங்களுக்கே சரியாகத் தெரியாது. ஸ்பீடோமீட்டர் முள் அதன் மனம்போல ஆடும். அதனால் அறுபதில் போனாலும் ஸ்டீயரிங் பஞ்சாக இருந்தது. தும்மினால் பக்கத்து லேனுக்குப் போய்விடும். மெக்கானிக் இதற்கு டாஷ்போர்டில் ஒரு திருகு வைத்துக் கொடுத்தார். வலது பக்கம் திருகினால் லேசு, இடது பக்கம் திருகினால் கனம். ஊருக்குள் லேசாக வைத்துக்கொள்வது, ரோட்டில் கனமாக வைத்துக்கொள்வது. அந்தத் திருகை ஒரு பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கி, டேப் ரெக்கார்டருக்குப் பக்கத்திலேயே பதித்திருந்தார். அதில் கோளாறு எதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் திண்டிவனத்தில் உறவில் ஒரு புதுமனை புகுவிழா. மாமனாரை அழைத்துவர நானும் மனைவியும் விழுப்புரம் போனோம். டயர், பானெட் எல்லாம் பார்த்தார். மாற்றம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. முன் சீட்டில் ஏறிக்கொண்டார், மனைவி பின்னால். விக்கிரவாண்டி நெருங்கும்போது டேப்பில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாமனாருக்குக் காது கொஞ்சம் மந்தம். கையை நீட்டித் திருகை வலது பக்கம் திருகினார்.

கார் நெளிந்தது.

"இன்னா மாப்ள, தூக்கமா?"

"இல்ல மாமா."

பாட்டுச் சத்தம் கூடவில்லையே என்று இன்னும் கொஞ்சம் திருகினார். கார் பாம்பாகப் போனது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. என் வலது கை திருகுவரை எட்டாது, இடது கை ஸ்டீயரிங்கை விடாது.

"மாமா, அதத் தொடாதீங்க!"

"ஏன், அது இன்னா?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "ஏசி மாமா."

"இந்தக் கார்ல ஏது ஏசி? நான் வாங்குன காரு, எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே அதைக் கடைசிவரைக்கும் திருகிவிட்டார்.

பிரேக்கை மிதித்து, டோல்கேட்டுக்கு முன்னால் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடை மைதானத்தில் எப்படியோ கொண்டுபோய் நிறுத்தினேன். பின் சீட்டில் மனைவி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இவருக்குத் தோளு வலிக்குதுன்னு கரண்ட்டு ஸ்டீயரிங் வச்சிருக்காரு. நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல."

மாமனார் டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து ஒயர்களைப் பார்த்தார். அப்போதெல்லாம் ஊரில் தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்தது.

"கரண்ட்டு கட் ஆச்சினா?"

"பேட்டரில ஓடுது மாமா. பேட்டரி போனாலும் பழையபடி கையால திருப்பிக்கலாம்."

"எறங்குங்க."

நான் இறங்கினேன். அவர் நகர்ந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். அவர் வண்டி ஓட்டுவதை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கண் சரியில்லை என்பார். ஆனால் கண்ணாடி போடாமலே பேப்பர் படிப்பார், ரோட்டில் போகிற லாரியின் நம்பரைச் சரியாகச் சொல்வார். நாங்கள் அதை யோசித்ததே இல்லை. நின்ற இடத்திலேயே வளையத்தை ஒரு கையால் இடது கோடிக்குத் திருப்பினார், வலது கோடிக்குத் திருப்பினார். பிறகு மைதானத்தில் மெதுவாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று. லாரி டிரைவர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எங்களைத் தாண்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை, கையில்தான் வலு போயிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனைவியின் சிரிப்பும் நின்றிருந்தது.

"ஏறுங்க, ஜல்தி. நல்ல நேரம் போயிடும்."

திண்டிவனம் வரை அவரே ஓட்டினார், நாற்பதுக்கு மேல் போகாமல். விழா முடிந்ததும் என் தோளைத் தட்டினார், வலிக்கிற தோளை. "ஒரு வாரம் எங்கிட்ட இருக்கட்டும் மாப்ள. எல்லாம் சரியா இருக்குதான்னு பாத்துட்டுத் தரேன்."

அந்த ஒரு வாரம் முடியவேயில்லை. வளவனூரில் மல்லாட்டைக்கு, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், விலை பார்க்கப் போனார், வானூரில் பழைய கூட்டாளியைப் பார்க்கப் போனார். வரப்போகிற காலத்தை யோசித்துத் தானே அந்தக் காரைத் தேர்ந்தெடுத்ததாக உறவுக்காரர்களிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் குறுகலான தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவார். நான் போய் டயரைப் பார்ப்பேன். "இன்னா மாப்ள, நம்பிக்கை இல்லியா?" என்பார்.

ஒரு நாள் சாயங்காலம் மரக்காணத்தில் மீன் வாங்கப் போவதாகச் சொல்லி எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினார். கடற்கரைக்குப் போய் எத்தனை நாளாகிறது என்று என் மனைவியும் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"நானும் வரட்டுமா?" என்றேன்.

"கடைய யாரு பாத்துக்கறது?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். கார் தெருமுனையில் அலுங்காமல் திரும்பிப் போயிற்று.