நான்காவது அடிக்குப் பின்

சென்ற மாசியில் தேவிபட்டினத்தில் என் தாள ஆய்வு நோட்டில் எழுதிய குறிப்பு: “கரைவலை இழுப்பவர்கள் பாட்டு. நான்காவது அடிக்குப் பின் தாளம் நின்றுவிடுகிறது. பிழை.”

இன்று அதே கரையில் நிற்கிறேன். பாட்டு அங்கே நிற்கும்போது, திருத்துகிறவனாகச் சத்தமாகக் கைதட்டுகிறேன். கயிற்றின் கடைசியில் இருக்கும் நாலு பேர் என் தட்டுக்கு இழுத்துவிடுகிறார்கள். வலையின் அடி தூக்கிக்கொள்ள, மீன் கலைந்து கடலுக்குள் போகிறது.

“ஏலே, எவன்டா தட்டுனது?” என்கிறார் பாட்டெடுப்பவர். என்னைப் பார்த்ததும் குரல் தணிகிறது. “சாரு, அலை திரும்பிப் போறப்ப இழுக்கக் கூடாது. அதுக்குத்தான் நிறுத்துறோம். இன்னைக்குக் கொழம்புல ஒங்க கைத்தட்டத்தான் போடணும்.”

எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் நோட்டைத் திறக்கிறேன்.

“பிழை” என்பதைக் கோடிட்டு அடிக்கிறேன். ஒலிப்பதிவில் கேட்ட பிற நாட்டுத் தாளங்கள் பலவற்றுக்கும் இதே நோட்டில் “பிழை” என்றே எழுதியிருக்கிறேன். அவை பிழைதானா என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.