என்னமோ ஓடுது லா

என் கணவருக்கு நெஞ்சடைப்பைச் சரிசெய்த ஈப்போ டாக்டர், "இனிமே தாராளமா வேன் ஓட்டலாம்" என்று சொன்ன அன்று, நான் காருக்குள் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். ஸ்கூல் வேன்தான் எங்கள் சோறு. அவர் படுத்திருந்த காலத்தில் எங்கள் ஊரான லகாட்டின் பிள்ளைகளெல்லாம் வேறு வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். விடுமுறை முடிந்ததும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பாசாரில் நானும் அவரும் கீரை வாங்கும்போது, வேனில் வந்த ஒரு பிள்ளையின் அம்மா எதிரே வந்தாள்.

"அண்ணே, ஒடம்பு எப்படி இருக்கு?"

"என்னமோ ஓடுது லா, தங்கச்சி. முன்ன மாதிரி இல்ல."

அவர் அப்படிச் சொன்னது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. சிலிம் ரிவர் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள் நான். அங்கே யாரும் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லிக் கேட்டதில்லை. மகன் பரீட்சையில் முதலாவதாக வந்தாலும் "ஏதோ தப்பிச்சான்" என்பார்கள். சொன்னால் கண் பட்டுவிடுமாம்.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கியது. ஒரு பெற்றோரும் கூப்பிடவில்லை. எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவே வேண்டாம். இத்தனை வருஷம் பத்திரமாகக் கொண்டுபோய் விட்ட மனுஷனை மறந்துவிட்டதா இந்த ஊர்? நேரே பாசாரில் பார்த்த அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அண்ணே தானே அக்கா சொன்னாரு, முன்ன மாதிரி இல்லன்னு? எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்காரு. எப்படி அக்கா நம்பி புள்ளைய ஏத்துறது?"

விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன். உள்ளே காலை வைத்ததுமே ஆரம்பித்தேன்.

"ஏங்க, டாக்டர் நல்லா இருக்குன்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"அத ஊருக்குச் சொன்னா என்ன?"

"கண்ணு படும்லா."

"படட்டும்! நம்ம வீட்டுல உப்பு மொளகாக்குப் பஞ்சமா? நான் சுத்திப் போடுறேன். நீங்க வாயத் தொறந்து உள்ளதச் சொல்லுங்க."

அந்தச் சனிக்கிழமை பாசாரில் அதே பெண் அதே கேள்வியைக் கேட்டாள். இவர் "என்னமோ..." என்று ஆரம்பித்தார். நான் முறைத்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கேம்மா. டாக்டரே ஓட்டச் சொல்லிட்டாரு. திங்கக்கிழமை வேன் எடுக்கிறேன், புள்ளைய அனுப்பு."

"அட, இத மொதல்லயே சொல்லக்கூடாதா அண்ணே? லீவுக்கு முன்ன, அந்த வேன்ல ஏற மாட்டேன்னு புள்ள தெனமும் அழுகை லா!"

பக்கத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்த இன்னொரு அம்மாவும் திரும்பி, "அப்ப என் மகளையும் அனுப்புறேன் அண்ணே" என்றாள். எனக்கு அங்கேயே விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

வீடு திரும்பியதும் இவர் முகம் வெளிறிக் கிடந்தது. ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டதே! சொன்னபடி உப்பு, மிளகாயை அவர் தலையைச் சுற்றிப் பின்வாசல் அடுப்பில் போட்டேன். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள். வந்தது பாருங்கள் நெடி! இருவரும் இருமி இருமி, கண்ணில் நீர் வழியச் சிரித்தோம்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரர் பதறிக் கூப்பிட்டார். "அண்ணே, என்ன இப்படி இருமுறீங்க? ஒடம்புக்கு என்னா?"

இவர் இருமலுக்கு நடுவே என்னைப் பார்த்துக்கொண்டே கத்தினார். "நல்லா இருக்கேன் லா!"