ஊசிக்காக ஓர் இரவு

சுகமாக நடந்துபோய் வார்டில் படுத்தேன். எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்த விலையுயர்ந்த ஊசி, ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் ஓர் இரவாவது வார்டில் தங்கினால்தான் அலுவலகக் காப்புறுதி காசு தரும். ஜன்னலுக்கு வெளியே ஹந்தானை மலை மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. பரவாயில்லை, இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டேன். மாத முடிவில் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து கதை எழுதப்போகிறேன், ஊசியும் போதும்.

பக்கத்துக் கட்டிலில் அக்குறணை ஊர்ப் பெண்மணி ஒருவர் அசையாமல் மல்லாந்து கிடந்தார்.

"நோயாளி மாதிரியே இல்லியே. இங்க லீவுக்கா வந்தீங்க?" என்று சிரித்தார்.

ஊசியைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"நானும் அதத்தான் போட்டேன், புள்ள. என்ட மாப்புள வேலைய விட்டதும் இன்ஷூரன்ஸ் இல்லாமப் போச்சு. ஊசிய நிப்பாட்டினேன். சோத்துச் சட்டியத் தூக்கக் குனிஞ்சேன், முள்ளந்தண்டு நொறுங்கிட்டு."

காலையில் டாக்டரிடம் கேட்டேன். இந்த ஊசியை நடுவில் விட்டால் எலும்பு முன்பைவிட வேகமாகத் தேயுமாம், அவர் சொல்லாமல் நிறுத்தவே கூடாதாம்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே முகாமையாளரை அழைத்தேன். "சேர், வேலைய விடுறதா சொன்னேனே, அத மறந்துடுங்க."

இன்னும் அதே அலுவலகம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே வார்டில் ஜன்னலோரக் கட்டிலைக் கேட்டு வாங்குகிறேன். அந்த ஓர் இரவில்தான் எழுதுகிறேன்.