செவிடன் போன் பண்ணினான்

மர்கா துறைமுகத்து மீன்சந்தை வாசலில் அம்பரோ தேநீர்க் கடை வைத்திருந்த காலத்தில், அவள் போடும் தேநீரில் சர்க்கரை எவ்வளவு என்றால், கரண்டியைச் செருகிவிட்டுத் தொழுகைக்குப் போய்த் திரும்பினாலும் அது செருகியபடியே நிற்கும். ஏலக்காய், கிராம்பு, பட்டை, இஞ்சி எல்லாவற்றையும் தட்டிப் போடுவாள். அந்த வாசனை கடலுக்குள் போய் மீன்களைக் கரைக்கு இழுத்து வருகிறது என்று மீனவர்கள் சொல்வார்கள். மீனவர்கள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் வாசனை உண்மை.

கடைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரையும் அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். பெயர்தான் ஒருவருடையதும் தெரியாது. சோமாலியாவில் எந்தத் தெருவில் கல்லை விட்டெறிந்தாலும் ஒரு முகமதுவின் மேலோ ஓர் அகமதுவின் மேலோதான் விழும். அதனால் ஊர் தன் வசதிக்கு ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்கிறது. பல்லன், ஒற்றைக்கண், கோணவாய், நொண்டி. முகத்துக்கு நேரேதான் கூப்பிடுவார்கள்; யாரும் முறைப்பதில்லை. தகப்பன் வைத்த பெயர் நிக்காஹ்வுக்கும், செத்தால் ஜனாஸாவுக்கும். இடையில் கிடக்கும் ஆயுசு முழுக்க ஊர் வைத்ததுதான்.

அப்படி ஒருவன்தான் செவிடன். அவனுக்குப் பாம்புச் செவி. அடுத்த தெருவில் எலி தும்மினால் எந்த எலி என்று சொல்லிவிடுவான். சின்ன வயதில் தண்ணீர் எடுத்துவர அவன் தாய் எத்தனை முறை கூப்பிட்டாலும் பந்தை விட்டு நகர மாட்டான். "இந்தச் செவிட்டுப் பயலைப் பெத்தேனே" என்று அவள் ஒரு நாள் கத்தியது தெருவுக்குப் பிடித்துப்போயிற்று. வளர்ந்ததும் அவன் துப்பாக்கிக்காரர்களோடு சேர்ந்தான். அவர்கள் அவனுக்குத் துப்பாக்கி தரவில்லை. காது போதும் என்றார்கள்.

அம்பரோ மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. கையெல்லாம் மாவு. முழங்கையால் அழுத்தி ஒலிபெருக்கியில் விட்டாள். பெஞ்சில் நொண்டி மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அம்பரோ, ஊரே உன் கடையில வந்துதான் வாயைத் தெறக்குது. யார் என்ன பேசுறாங்கன்னு வாரா வாரம் எனக்குச் சொல்லிடு."

"நான் டீ ஊத்துறவ. ஒட்டுக் கேக்கறது உன் தொழில், செவிடா."

"சிரிக்காத. சமோசாக்காரனும் இப்படித்தான் சிரிச்சான்."

சமோசாக்காரனின் கடை முந்தின வாரம் எரிந்திருந்தது. அவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

போன் நின்றதும் நொண்டி பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்தான். அந்தக் கடையில் பாதி டீயை மிச்சம் வைத்தவன் அதுவரை யாரும் இல்லை. "மாவை விடு. கிளம்பு" என்றான்.

அவள் கிளம்பி வந்த வழியை இன்றைக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கேட்டால், திமிங்கலத்தின் முதுகில் அடுப்பு மூட்டி டீ விற்றுக்கொண்டே வந்ததாகச் சொல்வாள். இத்தாலிப் பக்கம் வரும்போது பால் தீர்ந்துவிட்டது என்பாள். உண்மை வழி அவ்வளவு சுவாரசியமில்லாதது. துருக்கியில் ஒரு தையல் கூடம், காற்றுப் போன ரப்பர் படகு, லாரி, இன்னொரு லாரி, கடைசியில் பின்லாந்தின் துர்க்கு நகரத்துத் துறைமுகம். நொண்டி அவளுக்கு முன்பே அங்கே வந்திருந்தான். அந்த ஊரில் குடியிருந்த ஒரு சோமாலிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, முறைப்படி விமானத்தில், கழுத்தில் டையோடு வந்து இறங்கியவன். இப்போது நகரப் பேருந்து ஓட்டினான்.

புகலிடம் கேட்டு அம்பரோ கொடுத்த மனுவுக்கு விசாரணை நடந்தது. கேட்டவர் ஓர் இளம் அதிகாரி. நல்ல மனிதர்தான், தண்ணீர் வேண்டுமா என்று அடிக்கடி கேட்டார். மொழிபெயர்ப்பாளன் வேறு ஊரிலிருந்து போனில் பேசினான். நான்கு வயதில் பின்லாந்துக்கு வந்தவன். அவன் தாய் அவனைத் தெருவில் விடாமல், டீக்கடைப் பக்கம் அண்டவிடாமல் வளர்த்தவள். அதனால் அவன் பேசிய சோமாலி சுத்தமாக இருந்தது. அதுதான் வினை.

"உங்களை மிரட்டினது யாரு?" என்று கேட்டான்.

"செவிடன்."

மறுமுனையில் அவன் அதை மொழிபெயர்த்தான். அதிகாரி எதையோ கேட்டார். அவன் அதைத் திருப்பிக் கேட்டான்.

"செவிடனா போன் பண்ணினான்?"

"ஆமா, செவிடன்தான்."

"அவனேதான் பேசினானா?"

"அவனேதான். குரல் எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னது அவனுக்குக் கேட்டுச்சா?"

"கேக்காம என்ன? நான் ஒண்ணு சொன்னா அவன் ரெண்டு சொன்னான்."

"அவன் செவிடன்தானே? நிச்சயமா?"

"மர்காவுல யாரை வேணாக் கேளுங்க. செவிடன்னா தெரியாதவங்க கிடையாது."

முடிந்ததும் எழுதியதைச் சோமாலியில் படித்துக் காட்டினார்கள். செவிடன் போன் பண்ணினான் என்று இருந்தது. சரியாக எழுதியிருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மனு தள்ளுபடியாகி வந்தபோது, அவள் வக்கீல் சிர்பா அதை வரிவரியாகப் படித்துச் சொன்னாள். சிர்பா உயரமானவள், மூக்குக்கண்ணாடி நுனி மூக்கில் நிற்கும், எதற்கும் சிரிக்க மாட்டாள். காது கேளாத ஒரு மனிதர் தன்னைத் தொலைபேசியில் அழைத்து உரையாடினார் என்று மனுதாரர் கூறுவது நம்பத்தக்கதல்ல. ஆகையால் மிரட்டல் நடந்ததாகக் கருத முடியவில்லை. அவர் திரும்பிச் செல்லலாம்.

"யாரு காது கேக்காதவரு?" என்றாள் அம்பரோ.

"நீங்க சொன்ன ஆள்தான். செவிடர்."

"அவனுக்கா காது கேக்காது? இங்க நாம பேசுறதே அவனுக்குக் கேக்கும்."

சிர்பா கண்ணாடியைக் கழற்றினாள். விஷயம் புரிய அவளுக்கு ஒரு காபி முழுக்கத் தேவைப்பட்டது. புரிந்ததும் மேல்முறையீடு எழுதினாள். எதிர்த்தரப்பான குடியேற்ற அலுவலகம் சுருக்கமாகப் பதில் போட்டது: பட்டப்பெயர் என்ற விளக்கம் பின்னால் யோசித்துச் சேர்த்தது. யாருக்குக் காது குத்துகிறீர்கள் என்பதைத்தான் அவர்கள் பாஷையில் அவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். நீதிமன்றம் நேரில் விசாரிக்கிறேன் என்றது. அங்கேயும் தோற்றால் விமானம்தான். மர்காவில் செவிடன் இன்னும் இருந்தான்; போனை எடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அதற்குள் விஷயம் வாரிஸ்ஸுவோவில் பரவிவிட்டது. துர்க்குவில் சோமாலிகள் குடியிருக்கும் பகுதி அது. அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒருத்தி இருமினால் எதிர்க் கட்டிடத்தில் கஷாயம் வைப்பார்கள். பள்ளிவாசல் வாசலிலும் இறைச்சிக் கடையிலும் இதே பேச்சு. "என்ன அம்பரோ, இன்னைக்கு ஊமையன் பாட்டுப் பாடினானா?" என்றார்கள். "குருடன் கடுதாசி போட்டானா?" என்றார்கள். ஒரு மாதத்துக்குள் அவளுக்கே செவிடி என்று பெயர் ஆகிவிட்டது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாததால் பெயர் இன்னும் நன்றாகப் பொருந்திப்போயிற்று.

பகலில் ஒரு பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை. உருளைக்கிழங்கு உரிப்பாள், வியாழக்கிழமையானால் பட்டாணி சூப் கிளறுவாள். தலைமைச் சமையல்காரி மைரே ஏலக்காய் தட்டிப் போட்டு ரொட்டி சுடுகிறவள். முதல் நாள் அந்த வாசனை வந்ததும் அம்பரோ கரண்டியைப் போட்டுவிட்டு நின்றுவிட்டாள்.

"இது எங்க சாமானாச்சே. உங்களுக்கு யார் சொன்னா?"

"எங்க பாட்டி காலத்துலருந்து போடுறோம். உங்க ஊருக்கு யார் சொன்னா?" என்றாள் மைரே.

அதிலிருந்து இருவரும் ஏலக்காய் யாருடையது என்று தினமும் சண்டை போட்டுக்கொண்டு சிநேகிதிகளானார்கள். விசாரணைக்கு முந்தின நாள் மைரே ஒரு பை நிறைய ரொட்டி கொடுத்தாள். "ஜெயிச்சா நீ தின்னு. தோத்தா ஜட்ஜுக்குக் குடுத்துடாத" என்றாள்.

விசாரணை நாளில் பனி முழங்கால் வரை. நொண்டிதான் சாட்சி. அந்தப் போனைக் காதால் கேட்டவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். வேலைக்கு லீவு போட்டு, கோட்டு மாட்டி வந்திருந்தான். சாட்சி வெளியே உட்கார வேண்டும் என்றார்கள். தாழ்வாரத்து பெஞ்சில் ரொட்டிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

உள்ளே நடுவில் நரைத்த பின்னல் போட்ட நீதிபதி அம்மாள், பக்கத்தில் இன்னும் இரண்டு நீதிபதிகள், எதிர்ப்பக்கம் குடியேற்ற அலுவலகத்தின் பிரதிநிதி. இந்த முறை மொழிபெயர்ப்பாளர் நேரில் வந்திருந்தார், தாடிக்காரர், வயதானவர். இந்த அறையில் பேசப்படுவது எதுவானாலும் ஒன்று விடாமல் மொழிபெயர்ப்பேன் என்று அவர் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்.

அம்பரோவை முதலில் கேட்டார்கள். பட்டப்பெயர்தான் என்றாள். தாய், பந்து, தண்ணீர் எல்லாம் சொன்னாள். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"அப்படின்னா அவரோட உண்மையான பேர் என்ன?"

"தெரியாது."

"எத்தனை வருஷப் பழக்கம்?"

"பொறந்ததுலருந்து."

அவர் பேனாவை மூடிவைத்தார். சிர்பாவின் கண்ணாடி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. சாட்சியைக் கூப்பிடச் சொன்னாள் நீதிபதி.

ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். "சாட்சி அப்துல்லாஹி ஹசன் நூர்."

யாரும் வரவில்லை.

மறுபடி கூப்பிட்டார்கள். கதவு அசையவில்லை. "சாட்சி வரலைன்னு பதிவு செஞ்சுக்கலாம்" என்றார் எதிர்ப்பக்கத்தவர். சிர்பாவின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆயிற்று. அம்பரோ கதவையே பார்த்தாள். வந்தானே, தானே பையைக் கொடுத்தாளே, எங்கே போய்த் தொலைந்தான்? பெஞ்சு காலியாகக் கிடப்பதாகவும், மர்காவில் செவிடன் போனைத் துடைத்துவைப்பதாகவும் கண்முன் ஓடியது.

"நான் பாக்கலாமா?" என்றாள். நீதிபதி தலையசைத்தாள். கதவைத் திறந்தாள். வெளியே அவன் அதே பெஞ்சில் உட்கார்ந்து, அந்த அப்துல்லாஹி யார், பாவம், ஏன் இன்னும் வரவில்லை என்று தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீதிமன்றம், நீதிபதி எல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது.

"டேய் நொண்டி, உன்னைத்தான்டா. எழுந்து வாடா உள்ள."

தாடிக்காரர் உறுதிமொழி எடுத்தவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்று நீதிபதிகளுக்கும் அதைப் பின்னிஷ் மொழியில், 'டா'வின் மரியாதைக்குறைவைக்கூட விடாமல் எடுத்துச் சொன்னார்.

கதவு வழியாக நொண்டி வந்தான். பேருந்து ஓட்டி ஓட்டித் தேக்குமரம்போல் இருந்த இரண்டு கால்களாலும் திம் திம் என்று நடந்து வந்து, சாட்சி மேசைக்கு எதிரே நின்றான். நீதிபதி அம்மாள் மேசைமேல் குனிந்து அவன் கால்களைப் பார்த்தாள். மற்ற இருவரும் பார்த்தார்கள். எதிர்ப்பக்கத்தவர் எழுந்து நின்று பார்த்தார்.

"மொழிபெயர்ப்பாளரே, அந்தம்மா இவரை என்னன்னு கூப்பிட்டாங்க?"

"கால் ஊனமானவர்னு அர்த்தம் வர்ற வார்த்தை, அம்மா."

"உங்க கால்ல ஏதாவது கோளாறா?" என்று நீதிபதி சாட்சியைக் கேட்டாள்.

"இல்லீங்களே. நான் பஸ் ஓட்டுறேன். போன மாசம்தான் டாக்டர் சோதிச்சாரு."

"அப்புறம் ஏன் அந்தப் பேரு?"

"ஏழு வயசுல முள்ளு குத்துச்சுங்க. ரெண்டு நாள் நொண்டினேன்."

"ரெண்டு நாள்."

"மூணாம் நாள் சரியாயிடுச்சு. ஆனா அதுக்குள்ள ஊர்ல வச்சுட்டாங்க."

"நாங்க ரெண்டு தடவை கூப்பிட்டோமே, ஏன் வரலை?"

நொண்டி அம்பரோவைப் பார்த்தான், தாடிக்காரரைப் பார்த்தான். "நீங்க வேற யாரையோ இல்ல கூப்பிட்டீங்க?"

மூன்று நீதிபதிகளில் ஒருவர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே எதுவும் இல்லை. அதற்குப் பிறகு நொண்டி போனில் கேட்டதைச் சொன்னான். சமோசாக்காரனைப் பற்றிச் சொன்னான். பாதி டீயை வைத்ததைச் சொன்னான். அப்போது யாரும் வாயைத் துடைக்கவில்லை. செவிடனின் உண்மையான பெயர் என்ன என்று அவனையும் கேட்டார்கள். வெகுநேரம் யோசித்துவிட்டு, "முகமதுவா இருக்கலாம்" என்றான்.

தீர்ப்பு வரப் பனி உருக வேண்டியிருந்தது. வந்தாயிற்று, நேரில் வாருங்கள் என்று சிர்பாவின் அலுவலகத்திலிருந்து செய்தி வந்த அன்று, நொண்டி அம்பரோவைத் தன் காரில் கூட்டிப்போனான். வரவேற்பறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வாய் வலிக்க வலிக்க ஒரு பெயரைப் படித்தாள்.

"அம்பரோ யூசுஃப் கேதி?"

அம்பரோ ஜன்னல் வழியாக ஆற்றில் பனிக்கட்டி மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விமானத்தில் மேலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் இரண்டாம் முறையும் படித்தாள்.

நொண்டி முழங்கையால் இடித்தான். "அடி செவிடி, உன்னைத்தான்."

உள்ளே சிர்பா உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசிப் பக்கத்திலிருந்து மெதுவாக, அவளுக்குப் புரிகிற எளிய பின்னிஷில் படித்தாள். மிரட்டியவர் காது கேளாதவர் அல்ல என்று நீதிமன்றம் கருதுகிறது. மிரட்டல் நடந்தது. மனுதாரரைத் திருப்பி அனுப்பக் கூடாது; அவர் இங்கேயே இருக்கலாம்.

அம்பரோ முக்காட்டைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள்.

"இன்னொரு தடவை படிங்க" என்றாள்.

"ஏன்," என்றான் நொண்டி, "காது கேக்கலையா?"